அயிரும் அயிரையும்

மணலுக்குத் தமிழில் எத்தனை பெயர்கள் உண்டு என்று எவரேனும் என்னைக் கேட்டால், நின்ற நிலையிலேயே விடை சொல்லிவிடுவேன். நுண்மணல் அயிர், ஆற்றுநீர் வரிவரியாக ஒதுக்கிச் செல்லும் கருமணல் அறல், அலையும் காற்றும் கொண்டுவந்து குவித்த மணல்மேடு எக்கர். எங்கள் வட்டாரத்துச் செம்மணற் குன்றுகளுக்குத் தேரி என்று பெயர். அரபு மொழியில் மணல் ‘ரம்ல்’ எனப்படும். அதே மூன்று எழுத்துகளை ‘ரமல்’ என்று ஒலித்தால், எட்டாம் நூற்றாண்டில் கலீல் இப்னு அஹ்மத் வகுத்தளித்த அரபு யாப்பில் அது ஒரு சந்தத்தின் பெயராகிவிடும். அந்த யாப்பில் சந்தம் ஒவ்வொன்றையும் ‘பஹ்ரு’ என்பர். ‘பஹ்ரு’ என்றாலோ கடல்! “பாட்டில்கூடக் கடலும் மணலும் அருகருகே இருக்கின்றன, பார்த்தீர்களா?” என்று மாணவர்களிடம் சொல்லி, அவர்கள் வியப்பதைக் கண்டு மகிழ்வது என் முப்பதாண்டுக் காலப் பழக்கம்.

இத்தனையும் அறிந்த நான், சென்ற ஆண்டு இரண்டடி நீளமுள்ள ஒரு கண்ணாடித் தொட்டியில் மணல் பரப்பி, எட்டே நாட்களில் பன்னிரண்டு உயிர்களைப் பலி கொடுத்தேன். அந்தக் கதையைத்தான் இங்கே எழுதுகிறேன். மணலைப் பற்றிய கதையானாலும், கற்பிப்பவன் கற்க வேண்டியது எது என்பதைப் பற்றிய கதையும் ஆகும்.

என் மருமகன் துபாயில் பணிபுரிகிறார். அங்கே குடும்பத்தை வைத்துக்கொள்ளும் செலவு தாங்க முடியாத அளவுக்கு ஏறிவிட்டதால், சென்ற ஆண்டு ஜூன் மாதப் பள்ளித் திறப்பை ஒட்டி, என் மகளையும் பேரனையும் ஊருக்கு அனுப்பி வைத்தார். பேரனுக்கு ஒன்பது வயது. பிறந்ததும் வளர்ந்ததும் அங்கேதான். தமிழ் பேசுவான்; எழுதவோ படிக்கவோ வராது. திருச்செந்தூருக்கு அருகில், கடற்கரையை ஒட்டிய எங்கள் ஊர் அவனுக்கு விடுமுறைக்கு வந்து போகும் ஊர். இரண்டு வாரம் தங்கிவிட்டு விமானம் ஏறிப் போகும் ஊரில், இனிமேல் இங்கேதான் என்றால் ஒரு குழந்தை என்ன செய்யும்? அழுதிருந்தால்கூட ஆறுதல் சொல்லியிருக்கலாம். அவன் அழவில்லை. பேச்சைக் குறைத்துக்கொண்டான். பள்ளி விட்டு வந்ததும் மாடிப்படியின் மூன்றாம் படியில் அமர்ந்து கைகளைப் பார்த்துக்கொண்டிருப்பான்.

“அங்கே பக்கத்து வீட்டில் மீன் தொட்டி இருந்தது, வாப்பா. அதன் முன்னாலேயே உட்கார்ந்திருப்பான்” என்று ஒருநாள் மகள் சொன்னாள். அந்த வாரமே தொட்டி வாங்கிவிட்டேன். இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம். விளிம்புவரை நிரப்பினால் ஏறத்தாழ 54 லிட்டர் நீர் பிடிக்கும்.

கடைக்காரர் நீலமும் இளஞ்சிவப்புமாகச் சாயமேற்றிய கூழாங்கற்களை எடுத்துக் காட்டினார். எனக்குச் சிரிப்பு வந்தது. கடற்கரை ஊர்க்காரனுக்கு விலைக்குக் கல்லா? “நம் ஊர் மணலைப் போல மணல் எங்கும் கிடையாது” என்று பேரனிடம் பெருமையடித்துக்கொண்டேன். மறுநாள் அசர் தொழுகைக்குப் பின் அவனையும் அழைத்துக்கொண்டு கடற்கரைக்குச் சென்று, இரண்டு வாளி நிறைய வெண்மணல் அள்ளி வந்தேன். மூன்று முறை நீர் ஊற்றி அலசினேன். மூன்று அங்குல உயரத்துக்குப் பரப்பினேன். குழாய் நீரை நிரப்பினேன். மறுநாள் பன்னிரண்டு நியான் டெட்ரா மீன்களை வாங்கி வந்து விட்டேன். நீலக் கோடும் சிவப்புக் கோடும் மின்ன அவை ஒன்றாய்த் திரும்பி ஒன்றாய் ஓடுவதைக் கண்டு, பல நாட்களுக்குப் பிறகு பேரனின் வாய் திறந்தது. ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்தான். துபாயில் அவனுடன் படித்த பிள்ளைகளின் பெயர்கள்!

மூன்றாம் நாள் நீர் பாலைப் போல் மங்கியது. ஐந்தாம் நாள் காலையில் இரண்டு மீன்கள் வயிறு மேலாக மிதந்தன. ஒவ்வொரு நாளும் அவன் பள்ளிக்குப் போகுமுன் நான் எழுந்து, இறந்தவற்றை அவன் காணாதவாறு எடுத்துவிட முயன்றேன். ஆனால் அவன் எண்ணி வைத்திருந்தான். எட்டாம் நாள் எண்ணுவதற்கு ஒன்றும் மிஞ்சவில்லை.

அவன் என்னைக் கோபித்துக்கொள்ளவில்லை. தொட்டியின் எதிரே போட்டிருந்த நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தான். பிறகு மெதுவாகச் சொன்னான்: “அதுங்களுக்கு இந்த ஊரு ஒத்துக்கலை, அப்பா.”

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. அவன் மீன்களைப் பற்றி மட்டுமா சொன்னான்?

தூத்துக்குடியில் 1977-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட மீன்வளக் கல்லூரியில் படித்தவர் ஒருவர், சிறுவயதில் என்னிடம் அரபும் தமிழும் பயின்றவர். அவருக்குத் தொலைபேசியில் விவரம் சொன்னேன். வெள்ளிக்கிழமை வீட்டுக்கே வந்துவிட்டார். தொட்டியை உற்று நோக்கினார், குனிந்து முகர்ந்தார், மணலில் ஒரு பிடி எடுத்து உள்ளங்கையில் பரப்பிப் பார்த்தார்.

“வீட்டில் காடி இருக்கிறதா, ஹஸரத்?”

ஊறுகாய்க்காக வாங்கி வைத்திருந்த காடியை, இப்போது கடைகளில் வினிகர் என்று விற்கிறார்களே அதை, என் மனைவி கொண்டுவந்து கொடுத்தாள். ஒரு பீங்கான் கிண்ணத்தில் மணலைக் கொட்டி, அதன்மேல் காடியை ஊற்றினார். சோடாப் புட்டியைத் திறந்ததுபோல் ‘சுர்’ரென்று நுரை கிளம்பியது. சுவர்ப்பக்கம் அமர்ந்திருந்த பேரன் எழுந்து வந்து கிண்ணத்தருகே நின்றுகொண்டான்.

“இதில் பெரும்பகுதி மணலே அல்ல, ஹஸரத். உடைந்த சிப்பி, சங்கு, பவளத் துணுக்கு. எல்லாம் சுண்ணாம்பு. புளிப்புப் பட்டால் கரியமில வாயுவை விட்டு நுரைக்கும். தொட்டி நீரிலும் இது கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்துகொண்டே இருக்கும். நீர் கடினமாகும், காரத்தன்மை ஏறும். மணலில் ஒட்டியிருந்த உப்பும் மூன்று அலசலில் போயிருக்காது. நீங்கள் விட்ட மீனின் பூர்வீகம் தென்னமெரிக்காவின் அமேசான் ஆற்றுப் படுகை. இலை தழை ஊறி, தேநீர் நிறத்தில் ஓடும் மென்னீரில் பிறந்த இனம் அது. அதைச் சுண்ணாம்பு நீரில் விட்டிருக்கிறீர்கள்.”

“அப்படியானால் இந்த மணல்தான் அவற்றைக் கொன்றதா?” என்று கேட்டேன்.

“மணலை மட்டும் குற்றவாளி ஆக்க வேண்டாம்” என்றார் அவர். “தொட்டி பழகவே இல்லை. மீனின் கழிவும், அது தின்னாமல் விட்ட இரையும் அழுகி அம்மோனியாவாகும். அது நஞ்சு. அந்த நஞ்சை ஒருவகை நுண்ணுயிர்கள் நைட்ரைட்டாக மாற்றும், அதுவும் நஞ்சுதான். வேறொரு வகை அதை நைட்ரேட்டாக மாற்றும். அது அவ்வளவு கொடியதன்று. இந்த இரண்டு வகையும் குடியேறும் இடம் மணலின் மேற்பரப்பும் வடிகட்டியின் பஞ்சும்தான். அவை பெருகி நிலைபெற நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். நீங்கள் ஒருநாள்கூடக் கொடுக்கவில்லை. அதற்குமேல், ஒரே நேரத்தில் பன்னிரண்டு மீன்கள்.”

சுண்டுவிரலால் மணலைக் கிளறிக் காட்டினார். “உயரமும் அதிகம். கூழாங்கல்லுக்கு இடையே நீர் புகுந்து வரும். மணல் நெருங்கிப் படியும். மூன்று நான்கு அங்குலம் என்றால் அடியில் உயிர்க்காற்று எட்டாது. அங்கே கறுப்புப் படிந்து, அழுகிய முட்டை நாற்றத்தோடு ஒரு வாயு உண்டாகும். அதுவும் மீனுக்கு ஆகாது. ஒன்றரை, இரண்டு அங்குலம் போதும்.”

நான் தலை குனிந்து கேட்டுக்கொண்டிருந்தேன். என் திண்ணையில் அமர்ந்து எழுத்துக்கூட்டிப் படித்தவர், எனக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். உண்மையைச் சொன்னால், முதலில் சற்றே உறுத்தியது. பேரன் அருகில் நின்று என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்ததுதான் காரணம். பிறகு அந்த உறுத்தலை நினைத்து வெட்கம் கொண்டேன். பன்னிரண்டு மீன்கள் மாண்டதற்கு வெட்கப்படாதவன், பாடம் கேட்பதற்கு வெட்கப்படுவதா?

பேரனைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டு சொன்னேன்: “வாப்பா, மீன் மேலும் தப்பு இல்லை, ஊர் மேலும் தப்பு இல்லை. தப்பு என்னுடையது. எனக்குத் தெரியும் என்று நினைத்துவிட்டேன். கேட்டிருக்க வேண்டும்.”

“நீங்க டீச்சர்தானே, அப்பா?”

“டீச்சருக்கும் டீச்சர் உண்டு. இதோ நிற்கிறார்.”

அவன் அவரை அண்ணாந்து பார்த்தான். “அப்போ, எந்த மணல் போடணும்?” என்று கேட்டான். அந்தக் கேள்வியைக் கேட்டதும் என் மனத்திலிருந்து ஒரு பெரிய பாரம் இறங்கியது. நாற்காலியை மறுபடியும் திருப்பலாம் என்று நம்பிக்கை வந்தது.

எந்த மணல்? வந்தவர் ஒவ்வொன்றாக விளக்கினார். மணல் என்பது ஒரே பொருளின் பெயர் அன்று. ஒரு பருமனின் பெயர். இரண்டு மில்லிமீட்டருக்கும் ஒரு மில்லிமீட்டரில் பதினாறில் ஒரு பங்குக்கும் இடைப்பட்ட துகள் எதுவானாலும் மணல்தான். அது சிப்பியாகவும் இருக்கலாம், படிகக்கல்லாகவும் இருக்கலாம். எங்கள் தேரியின் சிவப்பு, துகள்களின்மேல் போர்த்திய இரும்புத் துருவின் சிவப்பு. இப்போது வீடு கட்டப் பயன்படும் எம்-சாண்ட், பாறையை இயந்திரத்தில் உடைத்து எடுப்பது. சுவருக்கு நல்லது, மீனுக்கு ஆகாது. உடைந்த முனைகள் கூராக இருக்கும். தரையில் முகம் வைத்து மேயும் மீன்களின் மீசையை அது தேய்த்துப் புண்ணாக்கிவிடும். ஆற்று மணலோ நெடுந்தொலைவு உருண்டு வந்தது. முனை மழுங்கியது. பெரும்பாலும் படிகக்கல் என்பதால் நீரில் கரையாது. நீரின் இயல்பை மாற்றாது.

“கடல் மணல் கெட்டது என்று எண்ணிவிடாதீர்கள்” என்றும் சொன்னார். “ஆப்பிரிக்காவில் மலாவி, டாங்கன்யீகா என்று பெரிய ஏரிகள் இருக்கின்றன. அவற்றின் நீர் இயல்பாகவே கடினமானது. அந்த ஏரி மீன்களை வளர்ப்பவர்கள் பவள மணலைத் தேடி வாங்கிப் பரப்புகிறார்கள். மணலில் நல்லது கெட்டது இல்லை, ஹஸரத். பொருந்துவது, பொருந்தாதது என்பதுதான் உண்டு. ஒவ்வொரு மணலும் தன் ஊரைக் கூடவே கொண்டுவருகிறது.”

இந்தக் கடைசி வாக்கியத்தை நான் என் குறிப்பேட்டில் எழுதி வைத்துக்கொண்டேன்.

ஆற்று மணலுக்கு எங்கே போவது? ஆற்றில் இறங்கி அள்ளுவதை அவர் ஒப்பவில்லை. “ஆறு ஏற்கெனவே கொடுத்துக் களைத்துவிட்டது. வீட்டில் எங்காவது பழைய மணல் கிடக்கிறதா, பாருங்கள்” என்றார். கிடந்தது! 1985-இல் என் வாப்பா பின்கட்டைக் கட்டியபோது மாட்டுவண்டியில் வந்திறங்கிய தாமிரபரணி மணலின் மிச்சம், வேப்பமரத்தடியில் ஓடுகளால் மூடப்பட்டு அப்படியே இருந்தது. அந்தக் குவியலில் விளையாடியவன் நான். வீட்டின் பின்னால் ஆறு கிடக்க, முன்னால் கடலுக்கு ஓடினேன்.

அடுத்து வந்த ஞாயிறன்று பேரனும் நானும் மணல் கழுவ அமர்ந்தோம். முதலில் சல்லடையில் சலித்து வேர், கரித்துண்டு, ஓட்டுச்சில்லு எல்லாவற்றையும் நீக்கினோம். பிறகு ஒரு கைப்பிடியில் காடி ஊற்றிப் பார்த்தோம். அது பேரனே செய்த சோதனை. நுரை எழவில்லை. “சத்தமே இல்லை, அப்பா!” என்று கூவினான். பிறகு வாளியில் கால்பங்கு மணல் இட்டு, நீர் விட்டு, கையால் கிளறி, கலங்கிய நீரைச் சாய்த்துக் கொட்டுவது. மறுபடி நீர் விடுவது. முதல் நீர் சாம்பார் போல் இருந்தது. ஐந்தாம் நீர் தேநீர் போல் இருந்தது. நான் போதும் என்று நிறுத்தியிருப்பேன், அவன் விடவில்லை. ஒவ்வொரு முறையையும் எண்ணினான். முதலில் ஆங்கிலத்தில் எண்ணியவன், என் மனைவி கொல்லைப்படியில் அமர்ந்து தமிழில் எண்ணத் தொடங்கியதும் அவளோடு சேர்ந்துகொண்டான். பதினெட்டாம் முறை வாளியின் அடி, கண்ணாடி வழியே பார்ப்பதுபோல் தெளிந்து தெரிந்தது. கழுவிய நீர் முழுவதும் வாழைக்குப் போயிற்று.

கழுவிய மணலைப் பெரிய தாம்பாளங்களில் பரப்பி வெயிலில் காயவைத்தோம். அப்போது ஒரு பழைய நினைவு எழுந்தது. என் உம்மாவின் உம்மா எனக்கு எழுத்துக் கற்றுக்கொடுத்தது இப்படித்தான். முறத்தில் மணலைப் பரப்பி, என் சுட்டுவிரலைப் பிடித்து, ஒரு பக்கம் ‘அலிஃப்’, மறுபக்கம் ‘அ’ என்று எழுத வைப்பார்கள். பிழையானால் உள்ளங்கையால் ஒரே தடவு, பலகை புதிதாகிவிடும். பிழையை மறைக்க மணலைப் போல இரக்கமுள்ள பலகை வேறு இல்லை. நான் ஒன்றும் சொல்லாமல், ஈரமணலில் ‘அ’ எழுதினேன். அவன் பார்த்தான். தன் விரலால் அதன்மேலேயே எழுதினான். பள்ளியில் தமிழ்ப் பாடநூலைத் திறக்கவே மறுத்தவன், அன்று மாலைக்குள் அந்தத் தாம்பாளத்தில் ஆறு எழுத்துகள் எழுதினான்.

கடல் மணலை என்ன செய்வது என்று கேட்டான். “எங்கே எடுத்தோமோ அங்கே கொடுத்துவிடுவோம்” என்றேன். இரண்டு வாளியையும் சுமந்துபோய் அலையோரத்தில் கொட்டினோம். ஓர் அலை வந்து அதைச் சமனாக்கிவிட்டது. அவன் வெகுநேரம் அந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.

பிறகு தொட்டியைத் துடைத்து மணலைப் பரப்பினோம். முன்புறம் ஒன்றரை அங்குலம், பின்புறம் இரண்டு அங்குலம் எனச் சரிவாக. இதற்கு ஏறத்தாழ 11 கிலோ மணல் பிடித்தது. மணலின்மேல் ஒரு பீங்கான் தட்டை வைத்து, தட்டின்மேல் நீரை மெல்ல ஊற்றினோம். அப்படிச் செய்தால் மணலில் பள்ளம் விழாது, நீரும் கலங்காது. எங்கள் ஊர்க் குழாயில் வருவது தாமிரபரணித் தண்ணீர்தான். அதிலுள்ள குளோரின் அகல, ஒருநாள் முழுவதும் அகன்ற பாத்திரங்களில் திறந்து வைத்த பிறகே ஊற்றினோம். மணலுக்கடியில் தட்டுப்போட்டு நீரை உறிஞ்சும் வடிகட்டியில் மணல் புகுந்து அடைத்துக்கொள்ளும் என்பதால், காற்று மோட்டாரால் இயங்கும் பஞ்சு வடிகட்டியை ஒரு மூலையில் வைத்தோம். நாடாவைப் போல் நீண்ட இலையுள்ள வாலிஸ்நேரியாச் செடிகள் சிலவற்றை நட்டோம். அவற்றின் வேர் மணலை இளக்கி வைக்கும். வாய்க்கால் ஓரத்தில் கிடைக்கும் கூம்பு வடிவச் சிறு நத்தைகள் நான்கைந்தை நண்பர் கொடுத்தார். பகலில் மணலுக்குள் புதைந்து உழுவதும், இரவில் வெளியே உலாவுவதும் அவற்றின் வேலை. உழவன் இல்லாத நிலமும் நத்தை இல்லாத மணலும் ஒன்று என்று அவர் வேடிக்கையாகச் சொன்னார்.

அதன்பின் காத்திருத்தல். மீன் இல்லாத தொட்டியில் நாள்தோறும் ஒரு சிட்டிகை இரையைப் போடுவது பேரனின் பொறுப்பு. அது அழுகித்தான் நுண்ணுயிர்களுக்கு உணவு கிடைக்க வேண்டும். “யாருக்கு அப்பா சாப்பாடு?” என்று கேட்டான். “கண்ணுக்குத் தெரியாத விருந்தாளிகளுக்கு” என்றேன். இரண்டாம் வாரம் மணலின்மேல் பழுப்பு நிறப் பொடி படர்ந்தது. அவன் முகம் வாடியது. புதுத்தொட்டியில் முதலில் குடியேறும் ஒருவகைப் பாசி அது, தானே போய்விடும் என்று நண்பர் தேற்றினார். அவ்வாறே போயிற்று. சொட்டு மருந்து விட்டு நீரைச் சோதிக்கும் சிறு பெட்டி ஒன்றையும் அவர் இரவல் தந்திருந்தார். வாரம் இருமுறை அவன் சோதித்துத் தாளில் குறித்து வந்தான். அம்மோனியா ஏறியது, இறங்கியது. நைட்ரைட் ஏறியது, இறங்கியது. ஐந்தாம் வாரத்தின் முடிவில் இரண்டும் இல்லை என்று காட்டியது. ஒரு குழந்தைக்கு ஐந்து வாரம் என்பது எவ்வளவு நீண்ட காலம்! ஆனால் புதிதாய் வந்தவர் எவரும் ஒரே நாளில் பழகிவிடுவதில்லை என்பதை அந்த வெற்றுத் தொட்டி நாள்தோறும் எங்கள் இருவருக்கும் சொல்லிக்கொண்டிருந்தது.

மீன்களை நண்பரே கொண்டுவந்தார். நீரும் காற்றும் அடைத்த பையில், விரல் நீளத்துக்கும் குறைவான ஆறு மீன்கள். பளபளப்பு ஒன்றும் இல்லை. மணல் நிற உடலில் பழுப்புப் புள்ளிகள். வாயைச் சுற்றிச் சிறு மீசைகள். என் மனைவி எட்டிப் பார்த்துவிட்டு, “இது அயிரை மீனல்லவா! குழம்புக்கு வாங்குகிற மீனுக்கா இத்தனை நாளாக மாளிகை கட்டினீர்கள்?” என்றாள். மதுரைப் பக்கம் உயிரோடு விற்று, குழம்பு வைத்து உண்ணும் அதே அயிரைதான். தாமிரபரணியின் வாய்க்கால் ஒன்றிலிருந்து வந்தவை. தாமிரபரணி நீர், தாமிரபரணி மணல், தாமிரபரணி மீன்! மூன்றும் ஓர் ஊர்.

பையை அரைமணி நேரம் தொட்டி நீரில் மிதக்கவிட்டு, சிறிது சிறிதாகத் தொட்டி நீரைப் பைக்குள் கலந்து, பிறகு திறந்தோம். ஆறும் கீழே இறங்கின. அடுத்த கணம், ஒன்றையும் காணோம்! தலையைக் குத்தி, உடலை ஒரு சுழற்று, மணலுக்குள் மறைந்துவிட்டன. பேரன் திகைத்து என்னைப் பார்த்தான். மறுபடியும் போயிற்றே என்ற அச்சம் அந்தக் கண்களில் இருந்தது. நண்பர் உதட்டில் விரலை வைத்துக் காத்திருக்கச் சொன்னார். விளக்கை அணைத்துவிட்டு அமர்ந்தோம். சற்று நேரத்தில் மணலில் இரண்டு புள்ளிகள் அசைந்தன. கண்கள்! பிறகு மீசை. பிறகு பக்கத்தில் இன்னும் இரண்டு கண்கள். “ஒளிஞ்சு விளையாடுதுங்க, அப்பா!” என்று அவன் உரக்கச் சிரித்தான். ஜூன் மாதத்துக்குப் பிறகு எங்கள் வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு அது. மகள் அடுக்களையிலிருந்து கையைத் துடைத்தபடி ஓடிவந்தாள்.

அயிரை மேய்வதைப் பார்ப்பதே ஓர் அனுபவம். வாய்நிறைய மணலை எடுக்கும். அதிலுள்ள இரையை வடித்துக்கொண்டு, மணலைச் செவுள் வழியே உதிர்த்துவிடும். கூரிய மணலாக இருந்திருந்தால் அதன் வாயும் செவுளும் என்னவாகும் என்பது அப்போது எனக்கு விளங்கியது. அன்றிரவு எதையோ நினைத்துக்கொண்டு அகராதியை எடுத்தேன். சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை பகுதி பகுதியாக வெளியிட்ட தமிழ்ப் பேரகராதி. அயிர் என்றால் நுண்மணல் என்பதை நான் எத்தனை முறை கரும்பலகையில் எழுதியிருப்பேன்! அதற்குச் சில வரிகள் தள்ளி அயிரை. மணல் நிறமுடைய மீன். அயிரிலிருந்தே அந்தப் பெயர் வந்திருக்கக்கூடும். எந்த மணலுக்கு எந்த மீன் என்பதை, பெயர் வைத்தவர்கள் பெயரிலேயே எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். ஆற்றில் இறங்கி, குனிந்து, பொறுமையாகப் பார்த்தவர்கள் வைத்த பெயர் அது. நான் சொல்லை மட்டும் மனனம் செய்தேன்; சொல் சுட்டிய பொருளை ஒருநாளும் குனிந்து பார்க்கவில்லை. முப்பதாண்டு ஆசிரியப் பணியில் எத்தனை சொற்களை இப்படிப் பொருளில்லாமல் பிள்ளைகளுக்குக் கொடுத்திருப்பேன் என்று எண்ணியபோது, அந்தப் பன்னிரண்டு மீன்களின் கணக்கு சிறிதாகத் தோன்றியது.

இன்னொன்றும் அன்று தோன்றியது. மணற்படுகை என்பது வெறும் தரை அன்று. மணலின் பருமனில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இடைவெளிதான். அந்த இடைவெளியில் நீர் தங்குகிறது, அழுக்கு வடிகிறது, கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் வாழ்கின்றன. காவிரியிலும் பாலாற்றிலும் தாமிரபரணியிலும் ஆண்டுக்கணக்காக மணலை வாரிவிட்டோம். மணல் போன ஆற்றில் அயிரை எங்கே முகம் புதைக்கும்? இரண்டடித் தொட்டியில் மணலுக்காக ஐந்து வாரம் காத்திருந்த பிறகு, ஓர் ஆறு தன் மணலைச் சேர்க்க எத்தனை காலம் எடுத்துக்கொண்டிருக்கும் என்பதை நினைக்காமல் இருக்க முடியவில்லை.

மீன் தொட்டி வைக்க விரும்பும் குடும்பத்தினர்க்கு நான் கற்ற சிலவற்றைச் சொல்லி வைக்கிறேன். வாரத்துக்கு ஒருமுறை கால்பங்கு நீரை மாற்றுங்கள். மணலில் அழுக்கு உள்ளே இறங்காமல் மேலேயே கிடப்பதால், உறிஞ்சு குழாயை மணலில் குத்தாமல், ஓர் அங்குலம் மேலே பிடித்தாலே போதும். செடியில்லாத இடங்களை மெல்லிய குச்சியால் அவ்வப்போது மெதுவாகக் கிளறிவிடுங்கள். பஞ்சைக் குழாய் நீரில் கழுவாமல், தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே அலசுங்கள். இல்லையேல் குளோரின் பட்டு நுண்ணுயிர்கள் மடியும். அயிரை துள்ளும் இயல்புடையது. தொட்டியை வலையால் மூடி வையுங்கள். பளீரென்ற வெண்மணலைவிட மங்கலான மணலே மேல். வெளிறிய தரையில் மீன்களும் நிறம் வெளிறிப்போகும். எல்லாவற்றுக்கும் மேலாக, மணல் வாங்குமுன் ஒரு பிடியில் காடி ஊற்றிப் பாருங்கள்.

இப்போது ஓர் ஆண்டு ஆகிறது. ஆறு அயிரையும் நலமாக இருக்கின்றன. பேரன் தமிழ் வாசிக்கிறான், தடுக்கினாலும் வாசிக்கிறான். சென்ற வாரம் பக்கத்துத் தெருவிலிருந்து அவன் வகுப்புத் தோழன் ஒருவன் வந்திருந்தான். அவன் வீட்டிலும் தொட்டி வாங்கியிருக்கிறார்களாம். மீன்கள் சோர்ந்து கிடக்கின்றனவாம். நான் திண்ணையில் அமர்ந்து விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். என்னிடம் கேட்பார்கள் என்று பேனாவை மூடி வைத்தேன். அவர்கள் என் பக்கம் திரும்பவே இல்லை.

“நீ போட்டிருக்கிறது எந்த ஊரு மணலு?” என்று கேட்டான் என் பேரன்.

“மணல்ல ஊரு என்னடா?” என்றான் வந்தவன்.

“இருக்கு. வா, சொல்றேன். எங்க ஊர்ல ரெண்டு மணல் இருக்கு...”

எங்க ஊர் என்றான். நான் பேனாவைத் திறந்து விடைத்தாளைத் திருத்தத் தொடங்கினேன். என் மனைவியிடம் காடிப் புட்டி கேட்டு அவன் அடுக்களைக்கு ஓடும் சத்தம் கேட்டது.